ஜீப்பை 2 இன்ச் தூக்கினால் ஸ்டியரிங் ஏன் ஆடுது?

பழனியை ஒட்டிய பாலசமுத்திரத்தில் பாலாறு-பொருந்தலாறு அணை. கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையும் பக்கம்தான். ஜிம்னி, தார் வைத்திருப்பவர்களுக்குப் பிடித்த மாதிரி ரூட். அடியில் கல் தட்டக்கூடாது, பார்க்கவும் கெத்தா இருக்கணும் என்று பலர் லிஃப்ட் கிட் போடுகிறார்கள். அடுத்து வரும் புகார், ‘வண்டி நேரா போக மாட்டேங்குது’.

என்ன மாறுகிறது?

சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். காரில் இதே சாய்வின் பெயர் கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராவது இதனால்தான். ஜிம்னியில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இருக்கின்றன. பாடியை உயர்த்தினால் அந்த ஆக்ஸில் லேசாகச் சுழன்று, கேஸ்டர் குறைந்துவிடும். ஹைவேயில் வண்டி அலையும். பான்ஹார்ட் ராடு ஆக்ஸிலை ஒரு பக்கம் நகர்த்தும். ஸ்டியரிங் வீலும் கோணலாக நிற்கும்.

2020-க்குப் பிந்தைய தாரில் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இயங்குகின்றன. அங்கே கேம்பரும் டோவும் மாறி, டயர் ஒரு ஓரமாகத் தேயும். டை ராடின் சாய்வும் கூடுவதால், பள்ளத்தில் இறங்கும்போது டிரைவர் திருப்பாமலேயே சக்கரம் திரும்பும்.

அலைன்மென்ட் செய்தால் போதாதா?

போதாது. ஜிம்னி போன்ற வண்டிகளில் வழக்கமான அலைன்மென்ட்டில் டோவை மட்டும்தான் மாற்ற முடியும். கேஸ்டரை மீட்க அதற்கான புஷ், ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவர அட்ஜஸ்டபிள் பான்ஹார்ட் ராடு தேவை. லிஃப்டுக்கு முன்னும் பின்னும் கேஸ்டர் அளவை பிரின்ட் எடுத்து ஒப்பிடணும். ஸ்டியரிங் உதறினால் புது டேம்பர் மாட்டுவது வியாதியை மறைக்கும், தீர்க்காது. தேய்ந்த பேரிங், டை ராடு எண்ட், புஷ் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் குறிப்பிட்ட, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரலாம்.

தூக்கணுமா?

ஜிம்னிக்கு கம்பெனியே 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் தருகிறது. வார இறுதி மலைப்பயணத்துக்கு அதுவும் நல்ல டயரும் தாராளம். கிட் வாங்கப் பணம் இருந்து, கோணங்களைச் சரிசெய்யப் பணம் இல்லை என்றால், தூக்காமல் விடுவதே நல்லது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கவில்லை என்றால், ஆபத்து எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்களுக்கும்தான்.