முதல்ல பேச்சு, அப்புறம்தான் ஸ்லைடு

பொட்டி தட்டுற பொழப்புல ஆணி புடுங்கற நேரத்தை விட, புடுங்கின ஆணியைப் பத்தி ஸ்லைடு போடற நேரம்தான் ஜாஸ்தி. போன மாசம் 22 ஸ்லைடு காட்டினேன். முடிச்சதும் டேமேஜர் கேட்டது ஒரே கேள்வி: "சரிப்பா, ரிலீஸ் பண்ணலாமா வேணாமா?"

பேந்தப் பேந்த முழிச்சேன். 14-ஆவது ஸ்லைடுல மூணாவது புல்லட்டா 'மைக்ரேஷன் ரிஸ்க்'னு ரெண்டே வார்த்தை. 'பழைய டேட்டா போயிடும், இப்ப வேணாம்'னு அர்த்தம். ஆனா அந்த வாக்கியத்தை நான் எழுதவே இல்ல. அதனால சொல்லவும் இல்ல.

இது சின்ன விஷயம். 2003 ஜனவரியில கொலம்பியா விண்கலம் கிளம்பறப்போ நுரைத் துண்டு ஒண்ணு இறக்கையில மோதிச்சு. ஆபத்தான்னு அலசின ஸ்லைடுல தலைப்பு தைரியம் சொல்லிச்சு. சோதனையில பயன்படுத்தின துண்டு 3 கன அங்குலம், நிஜத்துல மோதினதா கணிச்சது 1920ங்கற சமாச்சாரம் கடைசி புல்லட்ல கிடந்துச்சு. 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்னிக்கு ஏழு பேர் போயிட்டாங்க. காரணம் ஸ்லைடு மட்டும்னு சொல்ல வரலை. ஆனா விசாரணைக் குழு அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலயே காட்டி, தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலா ஸ்லைடை நம்பற பழக்கத்தைக் குறை சொல்லிச்சு.

1987-ல வந்த பவர்பாயிண்ட், ஓவர்ஹெட் புரொஜக்டர் தாள் தயாரிக்கப் பொறந்தது. அதனால முதல்ல பெட்டியைக் காட்டி 'ரொப்பு'ங்குது. பேச்சுக்கு இடம் கீழே, நோட்ஸ்ல.

2023-ல வந்த ஐஏ பிரசென்டர் இதைத் தலைகீழாக்கிடுச்சு. நீங்க பேசப்போறதை அப்படியே எழுதணும். சாதாரண வரிகள் பேசறவர் கண்ணுக்கு மட்டும். தலைப்புன்னு குறிச்சது திரைக்குப் போகும். வேற வரி தெரியணும்னா டேப் அடிச்சுத் தள்ளி எழுதணும். அதாவது, திரையில ஒண்ணைக் காட்டணும்னா நாமதான் மெனக்கெடணும். இந்த ஒரு டிசைன் முடிவுக்கே சலாம் போடலாம்.

'எழுதி வெச்சு ஒப்பிச்சா தூக்கம் வருமே'ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா எழுதறது ஒப்பிக்கறதுக்கு இல்ல, யோசிக்கறதுக்கு. வாக்கியமா எழுதினா 'ஏன்னா', 'ஆனா', 'அதனால' எல்லாம் வந்தே ஆகணும். புல்லட்ல அதெல்லாம் நைசா கழண்டுக்கும். கிராஃபும் ஆர்க்கிடெக்சர் படமும் கண்டிப்பா வேணும். பேச்சு கேட்டா மட்டும்.

இதுக்குக் காசு குடுத்து மென்பொருள் வாங்கணும்னுகூட இல்ல. அதே விஷயத்தை நோட்பேட்ல மறுபடி எழுதிப் பாத்தேன். முதல் வரி: "இப்ப ரிலீஸ் பண்ணக் கூடாது, ஏன்னா..."

22 ஸ்லைடு நாலாச்சு. ரிலீஸ் தள்ளிப் போச்சு, டேட்டா தப்பிச்சுது. டேமேஜர் மட்டும், "என்னப்பா, இவ்ளோதானா ஸ்லைடு?"ன்னார் :-)