உறையில் மறையும் பாஸ்பேட்: ஒரே அமைச்சகம், இரு வேறு பார்வை

புது தில்லி: சிறுநீரகம் செயலிழந்த ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டமும், உணவுப் பொட்டலங்களின் உறையில் எதை அச்சிட வேண்டும் என விதிக்கும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழேயே வருகின்றன. ஆயினும், டயாலிசிஸ் நோயாளிகள் கணக்குப் பார்த்து உண்ண வேண்டிய பாஸ்பரஸின் அளவை உறையில் குறிப்பிடுமாறு ஆணையம் கட்டாயப்படுத்தவில்லை.

பாஸ்பேட் உப்புகள் இல்லாமல் இன்றைய பதப்படுத்தப்பட்ட உணவுத் தொழில் இயங்காது. பதப்படுத்தப்பட்ட சீஸில் கொழுப்பு தனியே பிரியாமல் காப்பவை சோடியம் பாஸ்பேட்டுகள். கோலா பானங்களுக்குப் புளிப்புச் சுவை தருவது பாஸ்பாரிக் அமிலம். கேக் மாவு உப்பவும், உறைய வைத்த இறாலில் நீர் வடியாமல் இருக்கவும் இந்த உப்புகளே உதவுகின்றன. நீர் வடியாவிட்டால் எடையும் குறையாது. அதில் வணிகருக்குள்ள ஆதாயம் சொல்லாமலே விளங்கும்.

இவை நஞ்சு அல்ல. பால், பருப்பு, இறைச்சி ஆகிய அனைத்திலும் பாஸ்பரஸ் இயற்கையாகவே உள்ளது. ஆனால், தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும் பகுதி பைட்டேட் வடிவில் இருப்பதால் உடலில் முழுமையாகச் சேர்வதில்லை. ஆலையில் சேர்க்கப்படும் உப்போ ஏறத்தாழ முழுவதுமாக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. நலமான சிறுநீரகம் மிகையானதை வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது இயலாது; எலும்பு வலுவிழக்கிறது, ரத்தக் குழாய்களில் சுண்ணம் படிகிறது. வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ் செய்தாலும் தேங்கிய பாஸ்பேட் போதிய அளவு வெளியேறுவதில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் இவ்வுப்புகளை மறு ஆய்வு செய்தது. எல்லா வகை உணவிலிருந்தும் சேரும் பாஸ்பரஸ், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டலாகாது என வரம்பு வகுத்தது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 600 மில்லிகிராம். குழந்தைகள் இவ்வரம்பைத் தாண்டக்கூடும் என்றும், சிறுநீரகச் செயல்பாடு கணிசமாகக் குறைந்தோருக்கு இந்த வரம்பே பொருந்தாது என்றும் அந்த ஆய்வு கூறியது.

இந்தியாவில் நிலைமை என்ன? எந்த உணவில் எவ்வளவு பாஸ்பேட் சேர்க்கலாம் என்பதற்கு விதிகள் உண்டு. ஆனால், ஒருவர் ஒரே நாளில் உண்ணும் பல பண்டங்களின் கூட்டுத்தொகையை அவ்விதிகள் சொல்வதில்லை. உறையில் ஐ.என்.எஸ். 339, 451, 452 என எண்களை மட்டும் அச்சிட்டாலே சட்டத்தின் கடமை தீர்ந்துவிடுகிறது. ரத்த அழுத்த நோயாளி சோடியத்தின் அளவைப் படித்தறியலாம். சிறுநீரக நோயாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அமெரிக்காவிலும் பாஸ்பரஸ் அளவை அச்சிடுவது பொதுவாகக் கட்டாயமில்லை என்பது உண்மையே. ஆனால் அது இங்குள்ள நோயாளிக்கு ஆறுதல் ஆகாது.

ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் இறுதிக்கட்ட சிறுநீரக நோய்க்கு உள்ளாவதாக, டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்த 2016 பட்ஜெட் உரையே தெரிவித்தது. மறுபுறம், பதப்படுத்தப்பட்ட உணவு உற்பத்தியைப் பெருக்க 2021-ல் ரூ.10,900 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கடல் உணவும் மொசரெல்லா சீஸும் அதன் பட்டியலில் உள்ளன.

உறையின் முன்பக்க எச்சரிக்கை குறித்துப் பரிந்துரைக்க உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாதக் கெடு விதித்தது. ஜூலையில் அது நீட்டிக்கப்பட்டது. அவ்விவாதம் முழுவதும் சர்க்கரை, உப்பு, கொழுப்பைச் சுற்றியே நிகழ்ந்தது. பாஸ்பேட் பற்றிப் பேசுவார் அரிது.

இயற்கையான பாஸ்பரஸையும் சேர்த்ததையும் பிரித்துக் காட்டுவது கடினம் என்ற வாதம் எழலாம். அது வலுவற்றது. மொத்தச் சர்க்கரையோடு 'சேர்க்கப்பட்ட சர்க்கரை'யையும் தனியே குறிப்பிட 2020-ம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் ஆணையமே விதி செய்துள்ளது. தாம் கலந்த உப்பின் அளவு ஆலைக்குத் தெரியாமல் இராது. இதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை. மத்திய அரசின் ஒப்புதலோடு ஆணையம் அந்த ஒழுங்குமுறைகளைத் திருத்தினாலே போதும்.