அடுக்குக் கேக்கும் பந்திக் கணக்கும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் கலியாண வீட்டில் கேக் இல்லை. இருந்திருந்தால், "கேக்கைப் பங்கிட்டுப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விருத்தாசலத்தில் எங்கள் தெருவாசியான நண்பர் ஒருவருக்குச் சென்ற மாதம் பெண் கலியாணம். காலையில் முகூர்த்தமும் சாப்பாடும் பழைய சம்பிரதாயப்படியே நடப்பதாக ஏற்பாடு. மாலை வரவேற்பில் மாத்திரம் அடுக்குக் கேக் ஒன்று வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பிரியப்பட்டார்கள். இலைக் கணக்கு நண்பருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கேக் விஷயத்தில் மனிதர் கலங்கிப் போனார்.

"வரவேற்புக்கு 150 பேர், சார். மூன்றடுக்குக் கேக் தாராளமாகப் போதும் என்கிறார் கடைக்காரர். எப்படிப் போதும் என்று கேட்டால், 'மூன்று அடுக்கு ஆயிற்றே!' என்கிறார்" என்றார்.

நேயர்களே, உயரத்தைக் கண்டு மயங்குவது மனித சுபாவம். கலியாணச் சீரில் வைக்கும் பருப்புத் தேங்காயைப் பாருங்கள். கம்பீரமாக நிற்கிறது. ஆனால் அந்தக் கூம்பை உயரத்தில் சரிபாதியாக வெட்டினால், மேல் பாதியில் இருப்பது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான்! சரக்கு முழுவதும் அடியிலே இருக்கிறது. அடுக்குக் கேக்கின் ரகசியமும் இதுவே.

1947-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி, பிற்பாடு இங்கிலாந்து ராணியான எலிஸபெத்துக்கு விவாகம் நடந்தது. அந்தக் கேக்குக்கு நான்கு அடுக்கு. உயரம் 9 அடி. எடை 500 ராத்தல். 500 ராத்தல் என்பது 8,000 அவுன்ஸ். ஆளுக்கு 4 அவுன்ஸ் என்று அறுத்தால் 2,000 துண்டு வரும். ஆக, எண்ண வேண்டியது அடுக்கை அல்ல, துண்டை.

இந்தச் சமயத்தில்தான் எதிர் வீட்டுப் பெரியவர் வந்து சேர்ந்தார். எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் சுட்டெடுத்து நரைத்தவர் அவர்.

"அடுக்கு கிடக்கட்டும், தம்பி. குறுக்களவு என்ன?" என்று கேட்டார்.

"6 அங்குலம், 8 அங்குலம், 10 அங்குலம், ஐயா. ஒவ்வொன்றும் 4 அங்குல உயரம்."

"சூளைத் தட்டில் எத்தனை கிண்ணம் அடங்கும் என்பதைத் தட்டின் பரப்புத்தானே சொல்கிறது? இதுவும் அப்படித்தான்" என்று சொல்லிக் காகிதத்தை எடுத்தார்.

கலியாணத் துண்டு என்பது 1 அங்குல அகலம், 2 அங்குல நீளம், அடுக்கின் முழு உயரம். அதாவது, ஒவ்வொரு துண்டும் 2 சதுர அங்குலத்தை அடைத்துக் கொள்கிறது. வட்டத்தின் பரப்பை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம்: பாதிக் குறுக்களவை அதனாலேயே பெருக்கி, மறுபடியும் 22/7-ஆல் பெருக்க வேண்டும். 6 அங்குலத் தட்டுக்குச் சுமார் 28 சதுர அங்குலம், 8-க்கு 50, 10-க்கு 78. பாதியாக்கினால் 14, 25, 39. வளைந்த ஓரத்தில் சேதாரம் உண்டு. ஆகையால் 12, 24, 38 என்று வைத்துக் கொள்வதே விவேகம். கூட்டினால் 74. அழைத்தவர்களோ 150 பேர்!

நண்பர் முகத்தில் ஈயாடவில்லை.

"12 அங்குலத் தட்டு 6 அங்குலத் தட்டைப் போல் இரண்டு மடங்கு என்று நினைக்காதே, நான்கு மடங்கு. அதில் 56 துண்டு வரும். அகலம்தான் பசி தீர்க்கும், உயரம் போட்டோவுக்குத்தான்" என்றார் பெரியவர்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என் மனத்தில் தைத்தது: "நாதஸ்வரக்காரர்கள், சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், பாத்திரம் துலக்குகிறவர்கள், இவர்களெல்லாம் உன் 150-ல் சேர்த்தியா?"

சேர்த்தியில்லை. எண்ணிப் பார்த்தால் 20 பேர் இருந்தார்கள். ஆக 170.

பெண் வீட்டில் மேல் தட்டை முதல் வருஷ நிறைவுக்கு எடுத்து வைக்க ஆசை. சீமையில் அந்த வழக்கம் உண்டு. ஆனால் அங்கே அதற்கென்று செய்வது உலர்ந்த பழங்கள் நிறைந்த கனமான கேக். நம்முடைய கிரீம் கேக் அவ்வளவு நாள் தாங்காது. எனவே மேல் தட்டின் 12 துண்டும், அழைக்காமல் வருகிறவர்களுக்குச் சேமிப்பு என்று ஆயிற்று. மீதி 24-ம் 38-ம் சேர்ந்து 62. இன்னும் வேண்டியது 108.

அதற்காக அடுக்கின் மேல் அடுக்கு ஏற்ற வேண்டியதில்லை. 12 அங்குலத்துக்கு 18 அங்குலம், அதே 4 அங்குல உயரத்தில், ஜோடனையில்லாத செவ்வகக் கேக் ஒன்றைச் சமையற்கட்டிலே வைத்து அறுத்தால் சரியாக 108 துண்டு. சதுர மூலைகளாதலால் சேதாரமும் இல்லை. ஜோடனைக் கூலியும் மிச்சம்.

வட்டக் கேக்கைப் பிறந்தநாள் கேக்கைப் போல் முக்கோணமாக அறுத்தால் இந்தக் கணக்கு பலிக்காது. ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி ஒரு வட்டம் கீறி, அந்த வளையத்தை அங்குலம் அங்குலமாக அறுக்க வேண்டும். பிறகு அடுத்த வளையம்.

கலியாணம் நன்றாக நடந்தது. கடைசியாகக் கைகழுவி வந்த பாத்திரம் துலக்கும் அம்மாளுக்கும் ஒரு முழுத் துண்டு கிடைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் நண்பர் உட்கார்ந்தார்.

சுந்தரமூர்த்தி நாயனார் எங்கள் ஊர் மணிமுத்தாற்றிலே பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்தார் என்பது வரலாறு. அது அவரால் முடிந்தது. அடுக்கிலே இல்லாத துண்டைப் பந்தியிலே எடுப்பது நம்மால் முடிகிற காரியமல்ல. முன்கூட்டியே எண்ணி வைப்பதுதான் நமக்கு வழி.