பழஞ்சி குடிக்க வெட்கமா?



"இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று வகுப்பில் டீச்சர் கேட்கிறார். ஒருத்தி "தோசை" என்கிறாள். இன்னொருவன் "நூடுல்ஸ்" என்கிறான். அடுத்து, வீட்டில் பழஞ்சி குடித்துவிட்டு வந்த பையனின் முறை. கொஞ்சம் தயங்குகிறான். பிறகு "இட்லி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

அவன் ஏன் பொய் சொன்னான்? உண்மையைச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம்தான்!

பழஞ்சி என்பது வேறொன்றுமில்லை. இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் பழையது தயார். அதைத்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழஞ்சி என்பார்கள். உப்புப் போட்டு, கொஞ்சம் மோர் விட்டு, கையால் பிசைந்து குடிக்க வேண்டும். தொட்டுக்கொள்ளச் சின்ன உள்ளி, காந்தாரி மிளகாய், தேங்காய்த் துவையல், சுட்ட கருவாடு, வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு என்று எது கிடைத்தாலும் போதும். அதன் ருசியே தனி!

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர்களும் அறுவடை செய்தவர்களும் இதைக் குடித்துவிட்டுத்தான் வெயிலில் இறங்கினார்கள். இரவு முழுவதும் ஊறும்போது, தயிரைப் புளிக்க வைப்பது போன்ற நல்ல பாக்டீரியாக்கள் சோற்றில் பெருகுகின்றன. அந்த லேசான புளிப்பு அதனால் வருவதுதான்.

இப்படி முந்தைய நாள் உணவைக் காலையில் சாப்பிடுவது நாம் மட்டும்தானா? இல்லை. உலகத்தின் மறுபக்கத்தில் உள்ள மெக்சிகோவிலும் அப்படித்தான்! அங்கே தினசரி உணவு 'தோர்த்தியா'. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, அரைத்து, மெல்லிசாகத் தட்டிச் சுடும் ரொட்டி அது. மறுநாள் அது காய்ந்து விறைத்துவிடும். அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பொரித்து, மிளகாயும் தக்காளியும் அரைத்த சாற்றில் புரட்டி, மேலே பாலாடைக்கட்டி தூவுவார்கள். முட்டையும் சேர்ப்பதுண்டு. இதன் பெயர் 'சிலாக்கிலெஸ்'. மெக்சிகோ மக்கள் ரசித்துச் சாப்பிடும் காலை உணவு இது. பெரிய ஓட்டல்களிலும் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள்!

ஆனால் மக்காச்சோள ரொட்டிக்கும் ஒரு காலத்தில் மரியாதை இல்லை. 1521 முதல் 300 ஆண்டுகள் மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர்கள், தங்கள் கோதுமை ரொட்டிதான் உசத்தி என்று நினைத்தார்கள். மெக்சிகோ மக்கள் தங்கள் ரொட்டியைக் கைவிடவில்லை. 2010-ல் அவர்களின் பாரம்பரிய சமையலை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நாம் பழஞ்சிக்குக் கடித்துக்கொள்ளும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். போர்ச்சுக்கீசியர் மூலம் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். அந்த மிளகைக் குமரி மாவட்டத்தில் இன்றும் 'நல்லமிளகு' என்பார்கள். மரச்சீனியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-ல் பர்மா அரிசி வருவது நின்றபோது ஏழைகளின் பசியை ஆற்றியது அந்தக் கிழங்குதான்.

அப்படியானால் பழஞ்சிக்கு மட்டும் ஏன் கேலி? முன்பு பல வீடுகளில் முதலாளிக்குச் சுடுசோறு, வேலைக்காரருக்குப் பழஞ்சி என்று இருந்தது. அதனால் அது 'ஏழை சாப்பாடு' ஆகிவிட்டது. தவறு அப்படிப் பிரித்த மனிதர்களுடையது. சோற்றின் மீது என்ன குற்றம்?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். காலையில் கெட்ட வாடை வந்தாலோ, நூல் விட்டாலோ குடிக்கவே கூடாது.

குழந்தைகளே, அடுத்த முறை டீச்சர் கேட்டால், "பழஞ்சி குடித்தேன் டீச்சர்!" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவன் அப்படிச் சொன்னால் சிரிக்காதீர்கள். "தொட்டுக்க என்ன?" என்று கேளுங்கள். அதன் பிறகு அவன் பொய் சொல்ல வேண்டியிருக்காது!