குற்றவாளி கார்புரேட்டர் அல்ல

மும்பை கோவண்டியின் நெரிசலான சந்துகளில் நுழைந்து திரும்ப ஏற்ற வண்டி மாருதி ஆம்னி. 1984-ல் வந்த இந்த வேனில் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். 2019-ல் உற்பத்தி நின்றுவிட்டது. மிஞ்சியிருக்கும் கார்புரேட்டர் காலத்து வண்டிகளை நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஒரே புகார்தான்: ஐடிலிங் நிற்பதில்லை, இழுவை இல்லை, பெட்ரோல் மட்டும் கரைகிறது.

உடனே கார்புரேட்டரைக் கழற்றுவது வழக்கம். செலவு ஒருபுறம், வண்டி நிற்கும் நாளெல்லாம் வருமானம் இல்லை என்பது மறுபுறம். ஆனால் பல சமயம் குற்றவாளி, வெடித்துப்போன ஒரு சின்ன ரப்பர் குழாய். ஆம்னியின் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தச் சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும். விரிசல் வழியே திருட்டுக் காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை நீர்த்துவிடும்.

இதே வெற்றிடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. அது மெதுவாக எரியும். எனவே தீப்பொறி சற்று முன்கூட்டியே விழவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒட்டிய டயஃப்ரம், வெற்றிடத்தின் இழுப்பில் இதைச் செய்கிறது. அதன் குழாய் ஒழுகினால் மைலேஜ் போய்விடும்.

ஆகவே சோதனையில் வரிசை முக்கியம். முதலில் வேக்குவம் கேஜ். மும்பை போன்ற கடலோர ஊரில், நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை, முள் ஆடாமல் காட்டும். முள் ஆடாமல் குறைவாக நின்றால் கசிவு இருக்கலாம். டைமிங் பிந்தியும் இருக்கலாம். குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தால் கசிவு அகப்படும். அடுத்து டயஃப்ரம்: அதன் குழாயை உறிஞ்சி நாக்கால் அடைத்தால், நாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

டைமிங் லைட் கடைசியில்தான். பொதுவாக டிஸ்ட்ரிபியூட்டர் குழாயைக் கழற்றி, முனையை அடைத்துவிட்டுப் பார்ப்பார்கள். கசிவால் ஐடிலிங் எகிறியிருந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் விரிந்து தீப்பொறியை முன்தள்ளும்; அளவு பொய் சொல்லும்.

கசிவை விட்டுவிட்டு, காதை நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் வண்டி இன்று ஓடும். நாளை மூட்டைகளோடு மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் தட்டும். தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து. கார்புரேட்டருக்குப் பணம் எடுக்குமுன் மெக்கானிக்கிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேக்குவம் பார்த்தாயிற்றா?