தர்மம் எப்போது வென்றது?

"சூது கவ்வும்" என்கின்ற சினிமாப் படம் 2013-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி வெளிவந்தது. நலன் குமாரசாமி என்பவர் டைரக்ட் செய்த முதல் படம் அது. அதே பெயரில் 2024-ம் வருஷம் டிசம்பரில் இரண்டாம் பாகம் ஒன்றும் வந்தது. ஆனாலும் ஜனங்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது பழைய படத்தைத்தான். இதைக் கண்டு சில தர்மவான்கள், "ஆள் கடத்துகிற திருடனைக் கதாநாயகனாக்கி, கடைசிவரை தண்டனையே இல்லாமல் விட்டுவிட்டார்களே! உலகம் கெட்டுப் போகாதா?" என்று அங்கலாய்க்கிறார்கள். ஆகவே இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை இவ்வளவுதான். தாஸ் என்பவன் ஆள் கடத்திப் பிழைக்கிறவன். அவன் தொழிலுக்கும் சட்டதிட்டங்கள் உண்டு. அதிகாரமுள்ளவர்களிடம் போகக்கூடாது, ஆயுதம் காட்டி மிரட்டக்கூடாது என்பன அவற்றில் சில. போக்கிடமற்ற மூன்று வாலிபர்கள் அவனோடு சேருகிறார்கள். சட்டத்தை மீறி, லஞ்சம் வாங்காத ஞானோதயம் என்கின்ற மந்திரியின் மகனைக் கடத்தப் போகிறார்கள். அந்த மகனோ, தகப்பனிடம் பணம் பறிக்கத் தன்னைத் தானே கடத்திக்கொள்ளும் யோக்கியன்! முடிவில் நாணயமான தகப்பனுக்குத் தேர்தலில் நிற்க இடமில்லை. மகனுக்கு இடம் கிடைக்கிறது, அவன் மந்திரியுமாகிறான்.

இது அதர்மமாம்! பாரதியாரின் பாஞ்சாலி சபதத்திலிருந்து வந்து பழமொழிபோல் ஆகிவிட்ட ஒரு வாக்கின் முற்பாதிதான் இப்படத்தின் பெயர். தர்மம் பின்னால் ஜெயித்துவிடும் என்று ஆறுதல் சொல்லும் பிற்பாதியைப் படம் எடுத்தவர்கள் விட்டுவிட்டார்கள். நம் தர்மவான்களுக்கு வயிறு எரிவது இதனால்தான்; ஜனங்களுக்குப் பிடித்துப் போனதும் இதனால்தான்.

நமது தொண்டூர்ப் பக்கத்தாருக்குச் சூதாட்டக் கதை புதிதல்ல. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி திரௌபதி அம்மனுக்குப் பேர் போன ஊர். இச்சுற்று வட்டாரத்தில் பாரதக் கூத்தில் சகுனி பகடை உருட்டுவதை விடிய விடியப் பார்த்தவர்கள் நாம். தர்மன் என்று பெயர் வைத்துக்கொண்டவனே தம்பிகளையும் பெண்சாதியையும் பணயம் வைத்தான்! பதினெட்டு நாள் சண்டையில் இரு பக்கத்துப் பிள்ளைகளும் செத்தார்கள். இதற்குப் பெயர் தர்மம் வென்றது என்றால், தோற்றது எப்படியிருக்கும்? பட்டா மாற்ற லஞ்சம் அழுத குடியானவன், எந்தப் பதினெட்டாம் நாளில் அப்பணத்தைத் திரும்பப் பெற்றான்? "பின்னால் வெல்லும், பொறுத்திரு" என்பது ஏமாற்றுகிறவனுக்கு வாய்தா வாங்கிக் கொடுக்கிற வக்கீல் வேலையேயல்லாமல் வேறென்ன?

நிற்க, இப்படத்தில் நாம் பாராட்ட வேண்டிய சங்கதி வேறொன்றும் உண்டு. தாஸுக்கு ஷாலு என்று ஒரு பெண் துணை. அவள் அவன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவாள். அவளோடு பேசுகிறான், யோசனை கேட்கிறான். கொட்டகையே சிரிக்கிறது. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் நாம் செய்வதென்ன? கண்ணுக்குத் தெரியாததனிடம் யோசனை கேட்கவில்லையா? பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கவில்லையா? தாஸாவது தேவலாம். ஷாலுவுக்கு உண்டியல் இல்லை, தரகன் இல்லை, அவளுக்காக ஊரில் கலகமும் இல்லை. கூட்டாளிகளில் ஒருவன் நடிகை நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைவிட்டு வெளியேறியவன். இது வெறும் கற்பனையா? திருச்சியில் நடிகை குஷ்புவுக்கு ரசிகர்கள் கோயில் கட்டியது உலகறிந்த செய்தியல்லவா?

ஆனால் தோழர்களே! இப்படத்தைப் பார்க்கிறவர்களிடம் நமக்கு ஒரு ஆக்ஷேபணை உண்டு. நாணயமான மந்திரியை அசடு என்றும், அவரை ஏய்த்த மகனைக் கெட்டிக்காரன் என்றும் கருதிச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பு ஆபத்தானது. திருட்டைச் சினிமா கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு வேறு பள்ளிக்கூடங்கள் ஏராளம். ஆனால் யோக்கியன் என்றால் பைத்தியக்காரன் என்று எண்ணப் பழகிய ஜனங்களை எவனும் சுலபமாக ஆளலாம்.

அந்த மகனை மந்திரியாக்கியது யார்? கட்சித் தலைவர் இடம் மட்டுந்தானே கொடுத்தார்! ஓட்டுப் போட்டவர்கள் யார்? அவர்கள் திரைக்கு வெளியே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்!

ஆகவே படத்தைத் தாராளமாகப் பாருங்கள், சிரியுங்கள். தர்மம் தானாக வெல்லும் என்கின்ற புரட்டை அது தயவு தாட்சண்யமின்றி உடைத்திருக்கிறது. ஆனால் சூதுதான் என்றைக்கும் வெல்லும் என்று எண்ணிக்கொண்டு எழுந்து போவீர்களானால் அதுவும் மூடநம்பிக்கையேயாகும். சூது தானாகக் கவ்வுவதில்லை. கவ்வுவதற்குக் கையை நீட்டுகிறவர்கள் நாம். அடுத்த தேர்தலில் இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் கை நீட்டும்போது இதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.