நாமம் மந்திரமல்ல



எபேசு பட்டணம் மந்திரங்களுக்குப் பேர்பெற்றது. ‘எபேசிய எழுத்துகள்’ எனப்பட்ட, பொருள் விளங்காத ஆறு சொற்களை ஓதினால் தீங்கு விலகும் என்று அக்காலத்துக் கிரேக்கர் நம்பினர். அப்பட்டணத்திலேதான் ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேர் இயேசுவின் நாமத்தையும் மந்திரச்சொல்லாகப் பயன்படுத்தி, காயப்பட்டு ஓடினார்கள். அதன்பின் விசுவாசிகள் அநேகர் தங்கள் மாயவித்தைப் புஸ்தகங்களைச் சுட்டெரித்ததை அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஏறக்குறைய ஒருநாள் கூலி. விற்றிருக்கலாம், ஆனால் தங்களைக் கட்டியிருந்ததைப் பிறர் கையில் அவர்கள் கொடுக்கவில்லை.

ஆயினும் அந்த வழக்கம் ஒழியவில்லை. எகிப்திலிருந்து சென்று, இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மந்திரச்சுவடி 3,000 வரிகளுக்கும் மேற்பட்டது. அதில் பேயோட்டும் முறை ஒன்று உண்டு. மந்திர எழுத்துகளை வெள்ளீயத் தகட்டில் எழுதி நோயாளிக்குக் கட்டச் சொல்லும் அம்முறையில், பொருளற்ற ஒலிகளின் நடுவே இயேசுவின் நாமமும் நிற்கிறது. அங்கே அவருக்குக் கீழ்ப்படிதல் இல்லை. பெயர் மட்டுமே உண்டு.

வாடகை வீட்டு வாசலில் வசனம் ஒட்டியிருக்கிறோம்; பிள்ளையின் தலையணையின்கீழ் வேதாகமம் வைக்கிறோம். அந்த வசனத்தை வாசித்து அதன்படி நடக்கிறோமா? மந்திரம் வல்லமையைத் தன் கைக்குள் கேட்கிறது. ஜெபமோ நம்மை அவர் கரத்தில் ஒப்புக்கொடுக்கிறது. நம் வீட்டில் இருப்பது எது என்று இன்றே ஆராய்ந்து பார்ப்போமாக.